விருந்து மேசையில் சுறாத் துடுப்பு

மீன்வளப் பாதுகாப்பைப் பற்றிய ஆய்வுரைகளிலும் அரசாங்க அறிக்கைகளிலும் பெரும்பாலும் பேசப்படுகிறவர் மீன் பிடிப்பவரே. எத்தனை படகுகள், எவ்வளவு கண்ணியளவுள்ள வலைகள், எந்த மாதங்களில் தடை என்ற வினாக்களைச் சுற்றியே சட்டங்கள் இயற்றப்படுகின்றன. பிடிபட்ட மீனை விலை கொடுத்து வாங்குகிறவரும், அதனைச் சமைத்து விருந்தினருக்குப் படைக்கிறவரும், உண்டு மகிழ்கிறவரும் அவ்வறிக்கைகளின் ஓரத்தில்கூடத் தென்படுவதில்லை. சுறாவைக் காக்கும் முயற்சி இதற்கு ஒரு விதிவிலக்கு. கடந்த இருபது ஆண்டுகளில், கடலில் செல்லும் கப்பலை விட்டுவிட்டு நகரத்தில் நடக்கும் திருமண விருந்தை நோக்கி அம்முயற்சி திரும்பியது. அதில் கிடைத்த வெற்றியும், அவ்வெற்றிக்குப் புலப்பட்ட எல்லையும், நுகர்வோரின் தேவையைக் குறைப்பதன் வாயிலாக ஓர் இயற்கை வளத்தைக் காக்க இயலுமா என்று ஆராயும் மாணவர்க்கும் அதிகாரிகளுக்கும் பயன்படக்கூடியவை.

சுவையற்ற பண்டத்தின் மதிப்பு

சுறாத் துடுப்பு சூப் சீன மக்களின் உயர்தர விருந்துணவு. உலர்ந்த துடுப்பை நெடுநேரம் நீரில் ஊற வைத்து, வேக வைத்து, மேல்தோலைச் சுரண்டி, குருத்தெலும்பை அகற்றினால், சேமியாவைப் போன்ற ஒளி ஊடுருவும் மெல்லிய இழைகள் எஞ்சும். அவ்விழைகளே சூப்பில் இடப்படுகின்றன. அவற்றுக்குத் தனிச்சுவை எதுவும் இல்லை என்பது வியப்புக்குரியது. சூப்பின் சுவை முழுவதும் கோழியும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் கொதித்த சாற்றிலிருந்து வருவது. துடுப்பு தருவது வாயில் வழுக்கும் ஒரு மென்மையை மட்டுமே.

சுவை இல்லாத ஒன்றுக்குக் கிலோவுக்குப் பல நூறு டாலர் விலை ஏன் ஏற்பட்டது? விடை சமையலறையில் இல்லை; சமூக வழக்கத்தில் இருக்கிறது. மிங் அரச மரபுக் காலத்திலேயே அறியப்பட்டிருந்த இவ்வுணவு, நத்தையினத்தைச் சேர்ந்த அபலோனி, கடலட்டை, மீனின் காற்றுப்பை ஆகியவற்றுடன் சேர்த்துக் கடலின் நான்கு அரும்பொருள்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. திருமணத்திலும், மூத்தோரின் பிறந்தநாளிலும், வாணிக ஒப்பந்தம் முடிந்த இரவிலும் இதனைப் படைப்பது விருந்தோம்புகிறவரின் மதிப்பைக் காட்டியது. படைக்காவிட்டால் சிக்கனக்காரர் என்ற பழிச்சொல் வரும். கல்யாணப் பந்தியில் எத்தனை இனிப்பு, எத்தனை கறி என்று நாலு பேர் எண்ணிப் பார்ப்பார்களே என்று கடன் வாங்கும் பெற்றோரைக் கண்டவர்களுக்கு இவ்வச்சம் புதியதன்று. ஆகவே இங்குத் தேவை என்பது நாவின் தேவையன்று, முகத்தின் தேவை. இவ்வுண்மையை உணராத பிரசாரம் எதுவும் பயன் தந்திருக்க இயலாது.

1949-ஆம் ஆண்டுக்குப் பின்னர்ச் சீனாவில் ஆடம்பர உணவுகள் மதிப்பிழந்திருந்தன. 1970-களின் இறுதியில் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு நகரங்களில் நடுத்தர வகுப்பு பெருகியது. முன்னர்ச் செல்வர் சிலர் மட்டுமே வாங்க முடிந்த பண்டம், சேமித்து வைத்துத் திருமணத்தில் செலவிடக்கூடியதாயிற்று. அதன் பின்னர் ஹாங்காங் துறைமுகம் உலகத் துடுப்பு வாணிகத்தின் மையமாக வளர்ந்தது. அந்நகரின் ஷியுங் வான் பகுதியிலுள்ள உலர்மீன் கடைத்தெருவில் பல கண்டங்களின் துடுப்புகளும் வந்து குவிந்தன. இந்தியத் துடுப்புகளும் அவற்றுள் அடங்கும்.

முதலை உண்ணும் வணிகம்

இந்தத் தேவையைச் சுறாவினால் ஏன் ஈடுசெய்ய இயலவில்லை என்பதற்கு அதன் வாழ்க்கை முறையே காரணம். மத்தியும் நெத்திலியும் இலட்சக்கணக்கில் முட்டையிட்டு ஓரிரு ஆண்டுகளில் பெருகுபவை. சுறாவோ பாலூட்டிகளைப் போன்று மெதுவாக வளர்ந்து, காலந்தாழ்ந்து முதிர்ந்து, சில குட்டிகளை மட்டுமே ஈனுவது. பெண் வெள்ளைச் சுறா முதிர்ச்சியடைய ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த கடல்களில் வாழும் சிறு சுறா இனம் ஒன்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் குட்டியைச் சுமக்கிறது. இத்தகைய உயிரினத்தை மத்தியைப் பிடிப்பது போல் பிடிப்பது, வங்கியில் இட்ட பணத்தின் வட்டியைச் செலவிடாமல் முதலையே எடுத்து உண்பதற்கு ஒப்பாகும்.

துடுப்பின் விலைக்கும் இறைச்சியின் விலைக்கும் இருந்த ஏற்றத்தாழ்வு நிலைமையை மேலும் கெடுத்தது. ஒரு சுறாவின் எடையில் துடுப்புகள் சுமார் 5 சதவிகிதம்தான். எஞ்சிய 95 சதவிகிதம் கப்பலின் குளிர்பதன அறையில் இடத்தை அடைத்துக்கொள்வது. சுறாவின் தசையில் யூரியா மிகுதி என்பதால், உடனே பனிக்கட்டியில் இடாவிட்டால் அம்மோனியா நெடி வீசத் தொடங்கும். எனவே சூரை மீன் தேடி நெடுந்தொலைவு செல்லும் கப்பல்களில், துடுப்பை மட்டும் அறுத்து வைத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியும் கொடிய வழக்கம் பரவியது. எறியப்பட்டவற்றுள் பல உயிருடன் இருந்தன. நீந்த இயலாமல் அவை அடியாழத்தில் மூழ்கி மடிந்தன.

ஹாங்காங் சந்தையின் ஏலக் கணக்குகளைக் கொண்டு 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, துடுப்பு வாணிகத்திற்காக ஆண்டுதோறும் 2.6 கோடி முதல் 7.3 கோடி வரையிலான சுறாக்கள் கொல்லப்படுவதாக மதிப்பிட்டது. எல்லா வகையான பிடிப்பையும் கணக்கிட்ட 2013-ஆம் ஆண்டு ஆய்வு, சுறாக்களின் ஆண்டு இழப்பை ஏறத்தாழ 10 கோடி என்றது. ஆழ்கடல்களில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 1970-க்குப் பின்னர் 71 சதவிகிதம் குறைந்துவிட்டன என்று 2021-இல் வெளியான ஆய்வு கூறியது. சுறா, திருக்கை இனங்களுள் மூன்றில் ஒரு பங்கு அழிவின் அச்சுறுத்தலுக்கு உள்ளாகியிருப்பதாக அதே ஆண்டில் கண்டறியப்பட்டது.

துடுப்பை அறுத்து உடலை எறிவதற்கு அமெரிக்கா 2000-ஆம் ஆண்டிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2003-ஆம் ஆண்டிலும் சட்டத்தால் தடை விதித்தன. ஆயினும் எந்தச் சட்டமும் நடுக்கடலில் ஒவ்வொரு கப்பலிலும் ஒரு கண்காணிப்பாளரை அமர்த்த இயலாது. வாங்குகிறவர் இருக்கும்வரை அறுக்கிறவரும் இருப்பார் என்ற எண்ணம் இந்நிலையில்தான் வலுப்பெற்றது.

பெயருக்குள் மறைந்த உயிர்

சீன நுகர்வோரை அணுகியவர்கள் முதலில் செய்த நற்செயல், அவர்கள் என்ன அறிந்திருக்கிறார்கள் என்று கேட்டதுதான். வைல்ட்எய்ட் என்ற அமைப்பு 2006-இல் சீனாவில் நடத்திய கருத்தாய்வில் நான்கில் மூவர், தாம் உண்ணும் சூப் சுறாவிலிருந்து கிடைப்பது என்பதையே அறியாதிருந்தனர். அறுத்த துடுப்பு மீண்டும் முளைத்துவிடும் என்று ஏறத்தாழ ஐவரில் ஒருவர் நம்பினர். காரணம் மொழியில் இருந்தது. சீன மொழியில் இவ்வுணவின் பெயர் ‘மீன் இறகு’ என்றே பொருள்படும். அதில் சுறா என்ற சொல்லே இல்லை. தமிழ்க் கடற்கரையில் செட்டை என்னும் சொல் பறவையின் சிறகையும் மீனின் துடுப்பையும் குறிப்பதை இதனோடு ஒப்பிடலாம். ஆனால் இங்கு அதன் முன்னர்ச் சுறா என்று சேர்த்தே சொல்கிறார்கள். அங்கு அச்சொல் விடுபட்டதால், உயிரும் உண்பவரின் கண்ணிலிருந்து விடுபட்டது.

2006 ஆகஸ்ட் மாதத்தில் சீனாவின் புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர் யாவோ மிங், இனி இச்சூப்பை அருந்துவதில்லை என்று பெய்ஜிங்கில் பலரறிய உறுதி கூறினார். அவர் தோன்றிய விளம்பரப் படங்கள் தொலைக்காட்சியிலும் பேருந்து நிறுத்தங்களிலும் இடம்பெற்றன. வாங்குவது நின்றால் கொல்வதும் நிற்கும் என்பதே அவற்றின் கருத்து. சீன ஆடவர் பெரிதும் போற்றும் ஒருவர் கிண்ணத்தை அப்பால் தள்ளுவது மதிப்புக்குறைவன்று, மாறாக அதுவே புதிய மதிப்பு என்ற எண்ணம் அதனால் விதைக்கப்பட்டது. கடலுணவு வாணிகச் சங்கங்கள் அவருடைய செயலைக் கண்டித்தன. அக்கண்டனமே செய்தியாகிப் பிரசாரத்திற்கு உதவியது என்று கருத இடமுண்டு.

ஹாங்காங்கில் வழி சற்று வேறுபட்டது. அங்கு அறியாமை குறைவு. வழக்கத்தின் பிடி மிகுதி. 2005-இல் திறக்கப்படவிருந்த டிஸ்னி பொழுதுபோக்குப் பூங்கா, தன் திருமண விருந்துப் பட்டியலில் துடுப்பு சூப்பைச் சேர்த்திருந்தது. எதிர்ப்பு எழவே அதனைக் கைவிட்டது. 2010 வாக்கில் இளைஞர் சிலர் ஒரு விநோதமான இயக்கத்தைத் தொடங்கினர்: துடுப்பு சூப் படைக்கும் திருமணத்திற்குச் சென்றால் மொய்ப்பணத்தைக் குறைத்துத் தருவது என்பதே அது. மொய்யின் கணக்கை நோட்டில் எழுதி வைக்கும் மக்களுக்கு இதன் கூர்மை எளிதில் விளங்கும். மதிப்பை நாடிச் செய்யும் செலவே மதிப்பைக் குறைப்பதாக மாறும்போது, பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் மறுபடி எண்ணிப் பார்க்கத்தானே வேண்டும்? உலக இயற்கை நிதியத்தின் ஹாங்காங் கிளை, சுறா இல்லாத மாற்று விருந்துப் பட்டியல்களை உணவகங்களோடு சேர்ந்து உருவாக்கியது. மணமக்கள் கேட்கத் தயங்கும் மாற்றத்தை உணவகமே முன்வந்து அளிப்பது நல்ல உத்தி. 2012 ஜனவரியிலிருந்து பெனின்சுலா, ஷாங்ரி-லா ஆகிய பெரும் விடுதி நிறுவனங்கள் துடுப்பைத் தம் உணவகங்களிலிருந்து நீக்கின. கேத்தே பசிபிக் விமான நிறுவனம் துடுப்புச் சரக்கை ஏற்றுவதை 2012 முதல் கட்டுப்படுத்தி, 2016-இல் முற்றிலும் மறுத்தது.

அரசு விருந்தில் செய்த மாற்றம்

அரசாங்க ஊழியர் இப்பகுதியைச் சற்று நின்று நோக்குவது நலம். துடுப்பு சூப்பின் பெரும்பகுதி தனியார் பணத்தில் மட்டும் வாங்கப்படவில்லை. சீனாவில் அதிகாரிகளை உபசரிக்கும் விருந்துகளும், அதிகாரிகள் பிறரை உபசரிக்கும் விருந்துகளும் அதன் பெரும் வாடிக்கையாளர்களாக இருந்தன. 2011-இல் சீனத் தேசிய மக்கள் பேரவையின் உறுப்பினர் சிலர், துடுப்பு வாணிகத்தைத் தடை செய்யச் சட்டம் வேண்டும் எனக் கோரினர். சட்டம் வரவில்லை. ஆனால் 2012 ஜூலையில், மூன்று ஆண்டுகளுக்குள் அரசு விருந்துகளிலிருந்து துடுப்பு நீக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் புதிய தலைமை, ஆடம்பரத்தையும் ஊழலையும் ஒடுக்கும் எட்டு விதிகளை வெளியிட்டது. 2013 செப்டம்பரில் ஹாங்காங் அரசாங்கம் தன் விருந்துகளில் துடுப்பை விலக்கியது. டிசம்பரில் சீன நடுவண் அரசின் விருந்தோம்பல் விதிகளில் சுறாத் துடுப்பு, பறவைக்கூடு, காட்டு விலங்கு உணவுகள் ஆகியவை வெளிப்படையாக விலக்கப்பட்டன.

இம்மாற்றத்தின் விளைவு இரு வகைப்பட்டது. அரசாங்கப் பணத்தில் வாங்கப்பட்ட அளவு நின்றது முதலாவது. இரண்டாவதைக் கணக்கில் காட்ட இயலாது. ஆனால் அதுவே பெரிது எனலாம். மாவட்டத் தலைவர் பங்குபெறும் பந்தியில் படைக்கப்படாத உணவு, வணிகர் வீட்டுப் பந்தியிலும் பெருமை இழக்கிறது. உயர்ந்தோர் உண்பதாலேயே உயர்ந்த பண்டத்தை, உயர்ந்தோர் கைவிட்டால் தாழ்த்திவிடலாம். ஒரு சுற்றறிக்கை இவ்வளவு செய்திருக்கிறது. புதிய இலாகா எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆய்வாளர் பணியிடங்கள் தோற்றுவிக்கப்படவில்லை.

குறைவுக்குக் காரணம் எது?

ஹாங்காங்கின் துடுப்பு இறக்குமதி 2007-இல் சுமார் 10,000 டன்னாக இருந்து, 2017-இல் சுமார் 5,000 டன்னாகக் குறைந்தது. 2013-இல் எடுக்கப்பட்ட ஒரு கருத்தாய்வில், முன்னர்ச் சூப் அருந்தியவருள் 85 சதவிகிதத்தினர் அண்மை மூன்று ஆண்டுகளில் கைவிட்டதாகக் கூறினர். இவ்வெண்கள் மகிழ்ச்சி தருபவை. எனினும் பொருளியல் பயிலும் மாணவர் இவற்றை அப்படியே விழுங்கிவிடக் கூடாது.

கருத்தாய்வில் கேட்பவர் முன்னிலையில் சொல்வதும், உறவினர் திருமணத்தில் கிண்ணம் முன்வரும்போது செய்வதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சுங்கப் புள்ளிவிவரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 2012-இல் ஹாங்காங் சுங்கத்தின் சரக்குக் குறியீடுகள் மாற்றப்பட்டன. அதனால் உறைநிலைத் துடுப்பின் ஒரு பகுதி இறைச்சி என்ற தலைப்பின் கீழ்ப் பதியப்பட்டிருக்கக்கூடும் என ஆய்வாளர் எச்சரித்துள்ளனர். அவ்வாண்டின் திடீர் வீழ்ச்சியில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஏட்டளவு என்று பிரித்தறிவது எளிதன்று. மேலும் 2013 ஜனவரியில் சீன அரசுத் தொலைக்காட்சி, உணவகங்களில் விற்கப்படும் துடுப்பில் பெரும்பகுதி ஜெலட்டின் போன்ற பொருள்களால் செய்த போலி என்று அம்பலப்படுத்தியது. பெருந்தொகை கொடுத்துப் போலியை உண்பதைப் போன்ற முகக்குறைவு வேறு இல்லை.

ஆகவே விழிப்புணர்வுப் பிரசாரம், சிக்கன ஆணை, போலியைப் பற்றிய ஐயம், தலைமுறை மாற்றம் ஆகிய நான்கும் ஒரே காலத்தில் ஒரே திசையில் இழுத்தன. ஒவ்வொன்றின் பங்கு இன்னது என்று துணிந்து கூறுவார் கூற்றை நம்புவதற்கில்லை. தனித்து நின்றிருந்தால் பிரசாரம் இவ்வளவு வென்றிருக்குமா என்பது ஐயமே. ஆனால் பிரசாரம் முன்னரே மண்ணைப் பண்படுத்தியிராவிட்டால், அரசு ஆணையில் சுறாத் துடுப்பு என்ற பெயர் தனியே குறிப்பிடப்பட்டிருக்காது என்பதும் ஏற்கத்தக்கதே.

இடம் மாறும் தேவை

ஒரு நாட்டில் தளர்ந்த தேவை வேறிடத்தில் தலைதூக்குவது வாணிகத்தின் இயல்பு. தாய்லாந்தில் 2017-இல் நடத்தப்பட்ட கருத்தாய்வில் நகரவாசிகளுள் 57 சதவிகிதத்தினர் துடுப்பு உண்டதாகக் கூறினர். அதில் பெரும்பகுதி திருமண விருந்துகளில். வியட்நாமிலும் மக்காவிலும் சந்தை உண்டு. ஹாங்காங்கிலும் அது மறைந்துவிடவில்லை. 2020-இல் அந்நகரச் சுங்கத்தினர் ஈக்வடோரிலிருந்து வந்த இரு சரக்குப் பெட்டிகளில் 26 டன் துடுப்பைக் கைப்பற்றினர். சுமார் 38,500 சுறாக்களிடமிருந்து அவை அறுக்கப்பட்டிருக்கும் என மதிப்பிடப்பட்டது. அங்குள்ள கடைகளில் எடுத்த துடுப்புத் துணுக்குகளின் மரபணுவை ஆராய்ந்து 2022-இல் வெளியிடப்பட்ட ஆய்வில் 86 இனங்கள் அடையாளம் காணப்பட்டன. அவற்றுள் 61 இனங்கள் அழிவின் அச்சுறுத்தலில் உள்ளவை. வாங்குவோர் தொகை குறைந்தாலும், எஞ்சியவரின் கிண்ணத்தில் அரிய இனமும் விழுகிறது என்பது இதன் பொருள்.

அருகிய உயிரினங்களின் வாணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கை இவ்விடைவெளியை நிரப்ப முயல்கிறது. 2013-இல் பாங்காக்கில் கூடிய மாநாடு கொம்பன் சுறாக்கள் மூன்றையும் வேறு சில இனங்களையும் அதன் இரண்டாம் அட்டவணையில் சேர்த்தது. 2022-இல் பனாமாவில் கூடிய மாநாடு, துடுப்பு வாணிகத்தில் மிகுதியும் அகப்படும் சுறாக் குடும்பம் முழுவதையும் சேர்த்தது. இப்போது இவ்வினங்களின் ஏற்றுமதிக்கு, இயற்கையில் அவற்றுக்குக் கேடு நேராது என்ற சான்று வேண்டும்.

இவற்றையெல்லாம் மீறிய ஓர் உண்மை 2024-இல் வெளிவந்தது. 2012 முதல் 2019 வரையில், துடுப்பு அறுப்புக்கு எதிரான சட்டங்கள் பத்து மடங்கு பெருகிய காலத்தில், மீன்பிடிப்பால் இறக்கும் சுறாக்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு 7.6 கோடியிலிருந்து 8 கோடியாக உயர்ந்தது என்று அவ்வாய்வு கண்டது. உடலை எறியக் கூடாது என்றதும் உடல் கரைக்கு வந்தது. வந்த உடலுக்குச் சந்தை பிறந்தது. 2012 முதல் 2019 வரை நடந்த பன்னாட்டு வாணிகத்தில் துடுப்பின் மதிப்பு சுமார் 150 கோடி டாலர். சுறா, திருக்கை இறைச்சியின் மதிப்பு சுமார் 260 கோடி டாலர். துடுப்பின் தேவையைக் குறைப்பது இன்றியமையாதது. அது மட்டும் போதுமானது என்ற எண்ணம் காலங்கடந்தது.

இந்தியக் கரையிலிருந்து பார்த்தால்

உலகில் சுறாவை மிகுதியாகப் பிடிக்கும் நாடுகளின் வரிசையில் இந்தோனேசியாவுக்கு அடுத்த நிலைகளில் இந்தியாவும் இருந்து வந்துள்ளது. ஆனால் இந்நாட்டுச் சுறா மீன்பிடிப்பின் தன்மை வேறு. இங்கு உடலைக் கடலில் எறியும் வழக்கம் பரவலாக இருந்ததில்லை. இறைச்சி பசுமையாகவும் கருவாடாகவும் விற்பனையாயிற்று. ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கப்பட்டது. துடுப்பு ஏற்றுமதிக்குச் சென்றது. குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர் தூண்டிலால் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். அரபிக்கடலில் பல வாரங்கள் தங்கிப் பிடித்ததைப் பெரும்பாலும் கொச்சித் துறைமுகத்தில் இறக்குவார்கள். அவர்களுடைய பயணத்தின் டீசல் செலவையும் பனிக்கட்டிச் செலவையும் ஈடுசெய்ததில் துடுப்பின் விலைக்குப் பங்குண்டு. அது சூப்பாகப் போய்ச்சேரும் மேசையை அவர்கள் கண்டதில்லை.

2001-இல் மத்திய அரசு சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. மீனவர் எதிர்ப்பைத் தொடர்ந்து அதே ஆண்டில் பட்டியல் ஒரு சில இனங்களாகச் சுருக்கப்பட்டது. 2013-இல், துடுப்பு உடலோடு ஒட்டியிருக்கும் நிலையிலேயே சுறாவைக் கரைசேர்க்க வேண்டும் என்ற கொள்கை அறிவிக்கப்பட்டது. 2015 பிப்ரவரியில் எல்லாச் சுறா இனங்களின் துடுப்பு ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. இத்தடையின் நோக்கம் நன்று. ஆயினும் வலையில் பிடிபட்டு இறந்த சுறாவை இறைச்சிக்காக விற்கலாம், அதன் துடுப்பை மட்டும் விற்கலாகாது என்ற நிலையில், தூண்டில் மீனவர் வருமானத்தின் ஒரு பகுதியை இழந்தாரேயன்றிச் சுறா பிழைத்ததா என்ற கேள்வி நியாயமானது. தடைக்குப் பின்னர்க் கடத்தலும் தோன்றியது. 2018 செப்டம்பரில் வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் மும்பையிலும் குஜராத்தின் வேராவலிலும் ஏறத்தாழ 8,000 கிலோ துடுப்பைக் கைப்பற்றியது. அயல்நாட்டில் தேவை குறைந்த அளவுக்கே உள்நாட்டில் இத்தடை பலிக்கும் என்பதை இது காட்டுகிறது.

மக்களின் மனத்தை மாற்றிச் சுறாவைக் காத்த முயற்சி ஒன்று இந்தியாவிலேயே உண்டு. சௌராட்டிரக் கரையில், உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கிலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகவும் ஏற்றுமதி இறைச்சிக்காகவும் வேட்டையாடி வந்தனர். மைக் பாண்டே 2000-ஆம் ஆண்டில் எடுத்த ஆவணப்படம் அதனை நாட்டுக்குக் காட்டியது. 2001 மே மாதத்தில் அம்மீனுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. சட்டம் மட்டும் போதவில்லை. 2004-இல் இராமாயண உரையாளர் மொராரி பாபு, இம்மீன் பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு வரும் மகள் என்று மீனவரிடம் எடுத்துரைத்தார். ‘வ்ஹாலி’, அதாவது அன்புக்குரியவள், என்ற பெயரும் அதற்கு வழங்கலாயிற்று. வலையில் சிக்கிய மீனை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு மாநில அரசு இழப்பீடு வழங்கியது. அதன் பின்னர்ப் பல நூறு திமிங்கிலச் சுறாக்கள் உயிருடன் விடுவிக்கப்பட்டுள்ளன. மனமாற்றத்தின் சுமை ஏழையின் தோளில் மட்டும் விழாதபடி அந்த இழப்பீடு பார்த்துக்கொண்டது. இதனைப் பாராட்டும்போது, தூண்டில் மீனவருக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் 2015-இல் உடன் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி உள்நாட்டு அடுக்களை. சீனருக்குத் துடுப்பு எவ்வாறோ, தமிழகக் கரையில் பால்சுறா அவ்வாறு என்றால் பிழையாகும். இங்கு அது ஆடம்பரமன்று. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கும் என்று சுறாப் புட்டு செய்து கொடுப்பது அன்பின்பாற்பட்ட வழக்கம். ஆனால் அந்த அன்புக்கும் ஒரு கணக்கு உண்டு. நீண்டநாள் வாழ்ந்து பிற மீன்களை உண்ணும் பெரிய சுறாக்களின் தசையில் பாதரசச் சேர்மம் சேர்கிறது. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை அறிவுறுத்துகிறது. உண்மையான பால்சுறா சுமார் ஒரு மீட்டர் வளர்ந்து, விரைவில் முதிரும் சிற்றினம். ஓரளவு பிடிப்பைத் தாங்கக்கூடியது. சந்தையில் அப்பெயரில் விற்பனையாவதோ எப்போதும் அவ்வினமே அன்று. இழுவலையில் அகப்படும் கொம்பன் சுறாவின் குட்டியும், பிற பெரிய இனங்களின் குட்டிகளும் அதே கூடையில் கிடப்பதுண்டு. குட்டி பருவமடையும் முன்னரே பிடிபட்டால், அடுத்த தலைமுறை அங்கேயே அறுபடுகிறது.

2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டம் மேலும் பல சுறா, திருக்கை இனங்களுக்குப் பாதுகாப்பு அளித்துள்ளது. அச்சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய வனத்துறையினருக்குக் கொம்பன் குட்டியைத் தலையைப் பார்த்து அறிவது எளிது. தலை வெட்டப்பட்ட பின் எவர்க்கும் அரிது. எனவே துறைமுக ஏலக்கூடத்தில், மீன் துண்டாவதற்கு முன்னரே, மீன்வளத் துறையும் வனத்துறையும் சேர்ந்து இனம் பிரித்துக் காட்டும் படப்பலகைகளும் பயிற்சியும் தேவைப்படுகின்றன. கரையோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் தாய்மாருக்கு உணவு பற்றி அறிவுரை கூறும் செவிலியரிடமும் இச்செய்தி சென்று சேர வேண்டும். எந்தச் சுறா, எவ்வளவு பெரிது என்று மீன்காரப் பெண்மணியிடம் கேட்டு வாங்க முதலில் கற்க வேண்டியவர், சந்தைக்குச் செல்லும் பாட்டியும் மாமியாரும்தாம். பிள்ளை பெற்ற வீட்டில் எது சமைப்பது என்று தீர்மானிக்கிறவர் அவர்களே.